காலி நாற்காலியும் இரு வாயில்களும்

நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்கும் வரை, ஒரு நாட்டின் மக்களாட்சி எத்தகையது என்பது எளிதில் புலப்படுவதில்லை. அந்நாற்காலி காலியாகும் நாளிலேதான் அது புலப்படுகின்றது. அதைக் காலி செய்தவர் யார், அதை நோக்கி வருவோர் எவ்வாயில் வழியாக வருகின்றனர், வாயிலில் நின்று அவர்களை வினவும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்கள் அன்று ஒருங்கே எழுகின்றன. தறி ஓசையிடையே வாழும் ஆரணி மக்களாகிய நமக்கு, இவை சென்னைக்கும் தில்லிக்கும் உரிய வினாக்கள் எனத் தோன்றலாம். ஆயின் நம் பழைய வட ஆற்காடு மாவட்டமே ஒரு காலத்தில் இவற்றுக்கு விடை கூறும் களமாக விளங்கியது. அவ்வரலாற்றை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்கர் கண்ட வழி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 50 மாநிலங்கள் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநரையும் அம்மாநிலத்து மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நியூ ஹாம்ப்சயர், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களில் ஆளுநரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஏனைய 48 மாநிலங்களிலும் நான்கு ஆண்டுகள். பெரும்பாலான மாநிலங்கள் ஒருவர் எத்தனை முறை ஆளுநராகலாம் என்பதற்கு வரம்பு விதித்துள்ளன. வர்ஜீனியா மாநிலமோ, பதவியிலிருக்கும் ஆளுநர் அடுத்த தேர்தலிலேயே மீண்டும் நிற்பதற்கு இடந்தருவதில்லை.

இவ்வரம்பின் பயன் யாது? எவ்வளவு செல்வாக்குடையவர் ஆயினும், நாள் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே ஆகவேண்டும். அவ்வாறு காலியான நாற்காலிக்கு இரு பெருங்கட்சிகளிலும் வேட்பாளர் பலர் முன்வருகின்றனர். அவர்கள் முதலில் கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தலில் தம்முள் போட்டியிட்டு, அதன்பின் பொது மக்கள் முன் நிற்கின்றனர். பதவியில் இருப்பவரை எதிர்த்து வெல்வது அரிது. காலி நாற்காலிக்குப் போட்டியிடுவோர்க்கோ களம் ஏறத்தாழச் சமமாக அமைகின்றது. ஆதலால் புதியவர்களும் சிறுபான்மையினரும் உள்ளே நுழைய அதுவே ஏற்ற வேளையாகின்றது.

பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்த இருவரின் கதை இதனை நன்கு விளக்கும். லூசியானாவில் 2003-ஆம் ஆண்டு வரம்பு காரணமாக ஆளுநர் மைக் ஃபாஸ்டர் விலக, காலியான நாற்காலிக்குப் பாபி ஜிந்தால் போட்டியிட்டுத் தோற்றார். வென்ற கேத்லீன் பிளாங்கோ அம்மையார் 2007-இல் மீண்டும் நிற்பதில்லை என அறிவிக்கவே, நாற்காலி மறுபடியும் காலியாயிற்று. இம்முறை ஜிந்தால் வென்றார். தென் கரோலினாவில் மார்க் சான்ஃபோர்ட் வரம்பின்படி விலகியபோது, 2010-இல் நிக்கி ஹேலி அம்மையார் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரும் அவரே. பதவியிலிருந்த ஒருவரை வீழ்த்தி இவ்விருவரும் உள்ளே செல்லவில்லை. காலியாக இருந்த நாற்காலியே இவர்களுக்கு வழிவிட்டது.

நம் நாட்டில் ஆளுநர்

நம் நாட்டிலும் ஆளுநர் உண்டு. ஆயின் அவர் தேர்தலில் நிற்பதில்லை. அவ்வாறு நிற்கவேண்டும் என்று ஒரு காலத்தில் நம் முன்னோர் முடிவு செய்திருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. 1947 ஜூலையில், சர்தார் வல்லபாய் படேல் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, மாநில ஆளுநரை வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென அரசியலமைப்பு நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. ஈராண்டுகள் கழிந்தன. அவ்வீராண்டுகளில் நாடு பிரிவினையின் குருதியைக் கண்டது. மக்கள் தேர்ந்த ஆளுநர் ஒருவர், மக்கள் மன்றத்தின் நம்பிக்கை பெற்ற முதலமைச்சர் ஒருவர் என ஒரே மாநிலத்தில் இரு தலைமைகள் இருந்தால் பூசல் விளையும் என்னும் அச்சமும் வளர்ந்தது. 1949 மே மாத இறுதியில் சபை தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆளுநரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்றாயிற்று. நேரு இம்மாற்றத்தை ஆதரித்தார். நம் சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஆதரித்துப் பேசினார்.

ஆதலின் அமெரிக்க மாநில ஆளுநருக்கு நிகரான ஆட்சிப் பொறுப்பை நம் மாநிலத்தில் வகிப்பவர் முதலமைச்சரே. அவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகின்றோம். அவ்வுறுப்பினர்கள் கூடித் தம் தலைவரைத் தெரிந்துகொள்கின்றனர். அவரை ஆளுநர் அழைக்கின்றார். நமக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே இவ்வாறு இரண்டு படிகள் உள்ளன. அவை உறுதியாக இருக்கும்வரை குறையேதும் இல்லை. படிகளில் ஒன்றைத் தாண்டிச் செல்ல இயலுமாயின் என்ன நேரும்? அதனையே இனிக் காண்போம்.

மறுத்தவர்

சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் நாற்காலி முதன்முதலாக உருவானது 1920-இல். இரட்டையாட்சி முறையில் நடைபெற்ற அத்தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரை அழைத்தார். செட்டியார் நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர். தறியின் அருமை அறிந்த அப்பெரியவர் பதவியை ஏற்க மறுத்து, கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியாரைச் சுட்டிக் காட்டினார். 1920 டிசம்பர் 17-இல் ரெட்டியார் முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் அவர் விலக, 1921 ஜூலையில் பனகல் அரசர் அந்த இடத்துக்கு வந்தார்.

அன்று வாக்குரிமை சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்கும் மட்டுமே இருந்தது. குழித்தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்தவனிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. எனினும் முதல் நாளிலேயே, அழைப்பு வந்தும் அமராதிருத்தல் என்னும் ஓர் உயர்ந்த மரபைச் செட்டியார் தொடங்கிவைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1952: பக்கவாயில்

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952-இல் நடைபெற்றது. தமிழகமும் ஆந்திரமும் மலபாரும் ஒன்றாயிருந்த சென்னை மாநிலத்துச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரஸ் பெற்றவை 152. பொதுவுடைமைக் கட்சி பெற்றவை 62. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே திருவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோற்றனர். நாற்காலி முழுமையாகக் காலியாயிற்று. அதைக் காலி செய்தவர்கள் மக்கள்.

டி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஓர் அணியாகத் திரண்டு ஆட்சியமைக்க உரிமை கோரின. அவ்வணியில் பொதுவுடைமையினர் இருந்தமை காங்கிரஸ் தலைமைக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது. ஆகவே, இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்த இராஜாஜியை நாடினர். அவர் அத்தேர்தலில் எத்தொகுதியிலும் போட்டியிட்டவரல்லர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக்கினார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத்தொண்டு ஆகியவற்றில் சிறந்தோர்க்கென ஒதுக்கப்பட்ட இடம் அது. இராஜாஜி இலக்கியத்தில் சிறந்தவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயின் அவ்விடம் முதலமைச்சர் நாற்காலிக்கு ஏணியாகும் என்று அரசியலமைப்பை வகுத்தோர் எண்ணியிருக்க மாட்டார்கள். 1952 ஏப்ரல் 10-இல் அவர் பதவியேற்றார். பொதுவுடைமைத் தலைவர் பி. இராமமூர்த்தி இந்நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கையும் சேர்க்கப்பட்டது. இதில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு. வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சி ஆறு இடங்களை வென்றிருந்தது. அதன் தலைவர் எம். ஏ. மாணிக்கவேலர் இராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். காங்கிரசை எதிர்த்து வாக்களித்த நம் பகுதி உழவர்கள், தாம் தேர்ந்தவர் காங்கிரஸ் அமைச்சரவையில் அமர்ந்திருப்பதைக் கண்டனர். 1952 ஜூலை 3-இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. சட்டப்படி யாவும் முறையே நடந்தன. நாற்காலியில் அமர்ந்தவர் மட்டும் எந்த வாக்காளர் முன்பும் நிற்கவில்லை.

தறியும் பள்ளியும்

நேர்மையோடு கூறுவதாயின், பக்கவாயில் வழியாக வந்த அப்பெரியவர் நன்மைகள் பல செய்தார். போர்க்காலம் முதல் மக்களை வாட்டிய உணவுக் கட்டுப்பாடுகளைத் துணிந்து நீக்கினார். அரிசிக்காக அலைந்த ஏழைகள் அவரை வாழ்த்தினர். கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினியில் வாடிய அந்நாளில், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டுமெனத் தில்லியிடம் வாதாடினார். நெசவாளர் மிகுந்த ஊரில் வாழும் நாம் இதனை நன்றியோடு நினைத்தல் முறை.

ஆயின் 1953-இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வகையானது. ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். பணமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருக்கும் பள்ளியைக் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் கருத்து. உடலுழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர்வர் என்றும் அவர் நம்பினார். எதிர்ப்பாளர்களோ அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர்.

ஆரணியைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் அத்திட்டத்தின் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். நெசவாளி மகன் பள்ளியிலிருந்து திரும்பித் தார் சுற்றவும், பாவு பிணைக்கவும், தந்தையின் தறிக்குழியில் இறங்கவும் வேண்டும். அவன் அவற்றை எப்படியும் செய்துகொண்டுதான் இருந்தான். வறுமை அவனைச் செய்ய வைத்தது. ஆயினும் வறுமை கட்டாயப்படுத்துவது வேறு, அரசு வகுத்துத் தருவது வேறு. பள்ளியின் மறுபாதி நாளில்தான் அவன் வேறொருவனாகும் வாய்ப்பு இருந்தது. தேய்ந்த கண்களோடு தறியில் அமர்ந்திருந்த தாயும் தந்தையும் அந்த மறுபாதி நாளையே நம்பியிருந்தனர்.

பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் மாநிலமெங்கும் கிளர்ச்சி செய்தனர். காங்கிரஸ் உறுப்பினர் பலரும் மனம் ஒப்பவில்லை. 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 என வாக்குகள் சமமாகப் பிரிந்தன. ஒரு மாநிலமே நடுவில் பிளந்து நின்றதை அவ்வெண்கள் காட்டின. இத்தகைய வேளையில், தொகுதி உடையவர் ஊருக்குச் சென்று தம் மக்களின் முகத்தைப் பார்க்கின்றார். அடுத்த தேர்தலில் அவர்களிடம் செல்லவேண்டும் என்னும் எண்ணம் அவரைத் தயங்கவும் திருத்தவும் வைக்கின்றது. இராஜாஜிக்குத் தொகுதி இல்லை. அறிவுத்திறத்திலும் தூய்மையிலும் அவருக்கு நிகரானோர் அரியர்; அவரைப் பிடித்து இழுத்துக் கேட்கக்கூடிய ஒரு நூலிழைதான் இல்லாதிருந்தது.

குடியாத்தம்

1954 மார்ச்சில் இராஜாஜி உடல்நலத்தைக் காரணங்காட்டிப் பதவி விலகினார். நாற்காலி மீண்டும் காலியாயிற்று. மார்ச் 30-இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. வேட்பாளர் இருவர்: காமராசர், சி. சுப்பிரமணியம். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

அப்போது காமராசர் நாடாளுமன்ற உறுப்பினர். மாநிலச் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினரல்லர். உறுப்பினரல்லாத ஒருவர் ஆறு மாதமே அமைச்சராயிருக்கலாம் என்பது அரசியலமைப்பின் விதி. அதற்குள் ஏதேனும் ஓர் அவைக்குள் அவர் செல்லவேண்டும். ஈராண்டுகளுக்கு முன் இராஜாஜி சென்ற மேலவை வாயில் காமராசருக்கும் திறந்தே இருந்தது. அவ்வழியே சென்றிருந்தால் சட்டப்படி யாரும் குறை கூறியிருக்க இயலாது. அவர் தேர்ந்ததோ முன்வாயில். சட்டப்பேரவையில் நம் வட ஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தம் தொகுதிக்குரிய ஓரிடம் காலியாக இருந்தது. அங்கு நடைபெற்ற இடைத்தேர்தலில் அவர் வேட்பாளரானார்.

குடியாத்தம் ஆரணிக்கு வடமேற்கே உள்ள நெசவூர். நாம் பட்டு நெய்கின்றோம். அவர்கள் கைலி நெய்கின்றனர். தறியின் துன்பம் இரு ஊருக்கும் ஒன்றே. விருதுநகரில் பிறந்த காமராசருக்கு அது சொந்த ஊரன்று, சாதிபலமும் அங்கில்லை. பொதுவுடைமைக் கட்சியின் வி. கே. கோதண்டராமன் எதிர்த்து நின்றார். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இத்தேர்தலில் காமராசரை ஆதரித்தனர். முதலமைச்சர் ஒருவர் தெருத்தெருவாக வந்து கைத்தறியாளரிடமும் தீப்பெட்டித் தொழிலாளரிடமும் வாக்குக் கேட்டார்; மக்கள் தந்தனர்.

குலக்கல்வி எனப்பட்ட அத்திட்டம் 1954 மே 18-இல் கைவிடப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஒரு வேளைச் சோறு கிடைக்கும் என்பதற்காகவே பள்ளிக்கு வந்து, பின்னர் படிப்பில் ஊன்றியவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுள் சிலர் இன்று முதியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பொறியாளர்களாகவும் செவிலியராகவும் உள்ளனர்.

நடுநிலையாக நோக்கின்

இதனைக் கொண்டு, முன்வாயில் வழியாக வருவோரெல்லாம் நல்லவர், பக்கவாயில் வழியாக வருவோரெல்லாம் தீயவர் என்று கூறிவிடலாகாது. வாக்குப் பெற்று வந்தும் வாக்காளரை மறந்தவர்களை நாம் அறிவோம். 1967-இல் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்று நாற்காலி காலியானபோது, அதில் அமர்ந்த அண்ணாவும் சட்டப்பேரவை உறுப்பினரல்லர். பின்னர் மேலவை உறுப்பினரானார். எனினும் அத்தேர்தல் களத்தில் தம் கட்சியைத் தாமே நடத்திச் சென்றவர் அவர். தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் தாமே வேட்பாளராக நின்று வென்றவர். மக்கள் அவரைக் கண்டு, கேட்டு, ஏற்றிருந்தனர். ஆகவே வாயிலின் பெயரைக் காட்டிலும், வாயிலுக்கு வருமுன் மக்கள் முன் நின்றாரா என்பதே முதன்மையான வினா.

மேலவை 1986-இல் நீக்கப்பட்டது. ஆகவே தமிழகத்தில் இன்று அப்பக்கவாயில் இல்லை. 2001-இல் மற்றொரு வினாவும் தீர்க்கப்பட்டது. வேட்பாளராக நிற்பதற்கே தகுதியிழந்திருந்த ஒருவரை, ஆறு மாத விதியைக் கொண்டு முதலமைச்சராக அமர்த்துதல் செல்லாது என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 21-இல் தீர்ப்பளித்தது. செல்வி ஜெயலலிதா பதவியிழந்தார். தடை நீங்கியபின், 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்றே அவர் மீண்டும் அமர்ந்தார். ஆறு மாதம் என்பது வாக்காளரிடம் செல்வதற்காகத் தரப்பட்ட தவணை என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கிற்று.

நாற்காலியைக் காலி செய்தல்

உள்ளே வரும் வாயிலைப் பற்றிப் பேசினோம். வெளியேறும் வாயில் ஒன்றும் உண்டன்றோ? அமெரிக்கர் நாட்காட்டியைக் கொண்டே அதைத் திறக்கின்றனர். நம் அரசியலமைப்பிலோ முதலமைச்சருக்குப் பதவிக்கால வரம்பு இல்லை. தோல்வி, இறப்பு, கட்சிக்குள் பிணக்கு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவையே பெரும்பாலும் நாற்காலியைக் காலி செய்கின்றன.

ஆயினும் இவ்வரம்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆரணிக்கு நேர்கிழக்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் கோயிற்சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பொறுப்புக் காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அம்முறையில் நிலமுடைய வேதியர்க்கே இடமிருந்தது; பெண்டிர்க்கும் உழைப்பாளிகளுக்கும் இல்லை. அக்குறையை மறைக்காமல் கூறியே தீரவேண்டும். ஆயினும் ஆண்டுதோறும் நாற்காலி காலியாக வேண்டும், கணக்குக் காட்டாதவன் அருகே வரலாகாது என்னும் இரண்டு கருத்துகளை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாமலே எழுந்து சென்றவரும் உண்டு. ஒன்பதாண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த காமராசர், கட்சிப்பணிக்கென 1963 அக்டோபர் 2-இல் பதவியை விட்டு விலகினார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து மக்களிடம் செல்லவேண்டும் என்னும் அவர் திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். குடியாத்தத்தின் முன்வாயில் வழியாக வந்தவர், வெளிவாயிலையும் தாமே திறந்துகொண்டார். இவ்விரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

மூடப்பட்ட வாயில்

இனி, நமக்கு மிக அருகிலுள்ள நாற்காலிக்கு வருவோம். அமெரிக்க மாநில ஆளுநரைப் போல, தமிழகத்தில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அவரே சிற்றூராட்சித் தலைவர். அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தத்துக்குப்பின் 1996-இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தல் முதல், பட்டியல் சாதியினர்க்கும் பெண்களுக்கும் சுழற்சிமுறையில் தலைவர் பதவிகள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கீடு மாறும்போது, பதவியில் இருந்தவர் நிற்க இயலாமற் போகின்றது, நாற்காலி காலியாகின்றது, அதுவரை வாயிலருகே வரவிடப்படாத ஒருவர் வேட்பாளராகின்றார். அமெரிக்காவில் நாட்காட்டி செய்யும் வேலையை இங்கே ஒதுக்கீடு செய்கின்றது.

அந்த வாயிலை அடைக்க முயன்றோரும் இருந்தனர். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டபோது, பத்தாண்டுக் காலம் அங்கு முறையான ஆட்சி நடைபெறவில்லை. வேட்புமனு அளிக்கவே மக்கள் அஞ்சினர். சில வேளைகளில் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில்தான் அவ்வூர்களில் தேர்தல் முறையாக நிறைவேறியது. மேலவளவில் துணிந்து நின்று வென்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் கொலையுண்டார். அவருடன் மேலும் ஐவர் உயிர் துறந்தனர்.

காலி நாற்காலி மட்டும் மக்களாட்சி ஆகிவிடாது என்பதை இவ்வூர்கள் நமக்குக் கற்பித்தன. நாற்காலி காலியாயிருந்தது, சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருந்தது, வேட்பாளராகும் துணிவை மட்டும் அச்சம் பறித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு நாற்காலி காலியானால் வேட்பாளர் திரள்கின்றனர். இங்கே சில ஊர்களில் பத்தாண்டுகள் ஒருவரும் நெருங்க இயலவில்லை.

நமக்குரிய பணி

நம் ஊர்ப்புறத்திலும் சிறிய நாற்காலிகள் பல உள்ளன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று, ஊராட்சியில் ஒன்று, பள்ளிப் பெற்றோர் கழகத்தில் ஒன்று, பங்குப்பேரவையில் ஒன்று. இவை காலியாகும்போது, அடுத்து அமரவேண்டியவர் யார் என்பதை ஒரு சிலர் திண்ணையிலமர்ந்து முன்னரே முடிவு செய்துவிடுகின்றனர். கூலிக்கு நெய்பவரும் தார் சுற்றும் பெண்களும் நிற்கலாம் என்று யாரும் அவர்களிடம் கூறுவதில்லை. நிற்க முன்வந்தாலும், "உங்களுக்கு எதற்கு இந்தத் தொல்லை?" என்னும் ஒரு சொல்லே அவர்களைத் திருப்பியனுப்பப் போதுமானதாகின்றது.

ஆதலின் அடுத்த முறை இத்தகைய நாற்காலி ஒன்று காலியாகும்போது நாம் செய்யவேண்டியவை மூன்று. இதற்கு முன் அமர்ந்திருந்தவரிடம் கணக்கைக் கேட்போம். இதுவரை வாயிலருகே வாராத ஒருவரிடம் நாமே சென்று, நிற்குமாறு வேண்டுவோம். அவர் நின்றால், தனித்து விடப்படாதவாறு அவரருகே நிற்போம். குடியாத்தத்து நெசவாளர் 1954-இல் ஒரு முதலமைச்சரைத் தம் தெருவுக்கு வரவழைத்து வாக்குக் கேட்கவைத்தனர். அவர்களுக்கு அன்றிருந்த உரிமை, ஆரணியில் தறியருகே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றும் உண்டு.